லகூனா, எஸ்டுவரியா? மட்டக்களப்பு வாவியை ஆங்கிலத்தில் சொல்லும்போது எழும் கேள்விகள்

கல்லடியில் வெளிநாட்டுக்காரரைத் தோணியில் ஏற்றிச் செல்லும் இளைஞர்கள், புவியியலை ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளைகள், மீனவர் சங்கங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. லகூன், எஸ்டுவரி என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுற்றியே எல்லாம் வருகின்றன. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ஒவ்வொரு வரி விளக்கம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு நம்முடைய வாவிக்கரையில் நின்று பார்த்தால் குழப்பம் கூடும், குறையாது.

ஒரே மூச்சில் சொல்லுங்கள்: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

லகூன் என்பது இடத்தின் அமைப்பைச் சொல்லும் சொல். கடலோரத்தில் ஆழம் குறைந்த ஒரு நீர்ப்பரப்பு. அதற்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டோ பவளப்பாறையோ வரம்பாகக் கிடக்கும். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கடலுக்கு வாய் இருக்கும்.

எஸ்டுவரி என்பது நீருக்குள் நடப்பதைச் சொல்லும் சொல். ஆற்றில் வரும் நன்னீரும் கடலிலிருந்து ஏறும் உப்புநீரும் சந்தித்துக் கலக்கும் இடம் அது.

ஒன்று வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர், மற்றது கலப்பைப் பார்த்து வைத்த பெயர். ஆகவே ஒரே நீர்ப்பரப்பு இரண்டாகவும் இருக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்த பந்தியில், ஏதோ எதிர்ச்சொற்கள் மாதிரிப் படிப்பிப்பதால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, மட்டக்களப்பு வாவி எது?

இரண்டும்தான். முதலில் அமைப்பைப் பாருங்கள். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே அம்பாறை மாவட்டத்துக் கல்முனைப் பக்கம் வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையோடு சேர்ந்தே கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய மணல் நிலம்தான் எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் அந்த நிலத்தில்தான் இருக்கின்றன. பாலமீன்மடுவுக்கு அருகே முகத்துவாரத்தில் ஒரு வாய், தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொரு வாய். கரைக்குச் சமாந்தரமான நீளம், நடுவில் மணல் வரம்பு, ஒடுங்கிய வாய் என்று லகூனுக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் அத்தனையும் இங்கே உண்டு.

இனி நீரைப் பாருங்கள். மேற்கே படுவான்கரைப் பக்கமாக முந்தனையாறும் வேறு ஆறுகளும் வந்து விழுகின்றன. மாரியில் உன்னிச்சைக் குளத்திலும் நவகிரிக் குளத்திலும் வான்கதவு திறந்தால் அந்த நீரும் கடைசியில் வாவிக்குத்தான் வரும். வாயால் கடல்நீர் ஏறுகிறது. இரண்டும் கலக்கின்றன. அந்தக் கணக்கில் இது எஸ்டுவரி.

இதனால்தான் அறிவியல் கட்டுரைகளில் 'எஸ்டுவரைன் லகூன்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். நண்டுக் குழம்பு என்று சொல்லும்போது குழம்புதான் பொருள், நண்டு அது என்ன குழம்பு என்று காட்டுகிறது. அதுபோல இங்கே லகூன் பெயர்ச்சொல், எஸ்டுவரைன் அதன் அடை. ஒரே சொல்லில் சொல்லவேண்டி வந்தால் லகூன் என்றே சொல்லுங்கள். வரைபடத்திலும் அரச ஆவணங்களிலும் 'பெட்டிகலோவா லகூன்' என்றுதான் இருக்கிறது.

நாங்கள் "ஆத்துக்குப் போறன்" என்றுதானே சொல்கிறோம். 'ரிவர்' என்று எழுதினால் என்ன?

வீட்டில், கடைத்தெருவில் ஆறு என்று சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ரிவர் என்றதும் ஆங்கிலம் வாசிப்பவர் மலையில் பிறந்து கடலை நோக்கி ஒரே திசையில் ஓடும் நீரை நினைப்பார். நமது வாவி அப்படி ஓடுவதில்லை. குறுமண்வெளியில் பாதையில் (ஆளையும் வண்டியையும் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவையில்) ஏறி மண்டூருக்குப் போகும்போது தண்ணீரைக் கவனித்திருப்பீர்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் சிற்றலை நகரும். காற்று விழுந்தால் அப்படியே நிற்கும். கோடையில் எந்தத் திசைக்கு ஓட்டம் என்று சொல்வதே கஷ்டம்.

'லேக்' என்று சில பழைய எழுத்துகளில் பார்த்தேனே?

உண்மைதான். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். நீருக்கடியிலிருந்து இசைபோல ஒலி கேட்கிறது என்ற கதையை விசாரித்து எழுதியபோது அவர் இந்த வாவியை லேக் என்றே குறிப்பிட்டார். மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று சொல்கிறோமே, அந்தக் கதைதான். அந்தக் காலத்தில் பயணிகள் பரந்த நீரைக் கண்டால் லேக் என்று எழுதிவிடுவார்கள். இன்றைய வழக்கில் லேக் என்றால் நிலத்தால் சூழப்பட்டு, கடலோடு தொடர்பில்லாத நீர். நுவரெலியாவின் கிரகரி வாவியை ஆங்கிலத்தில் லேக் என்பது சரி. மட்டக்களப்பு வாவிக்கு அது பொருந்தாது. இரண்டுக்கும் தமிழில் வாவி என்றே எழுதுகிறோம், அதுதான் சிக்கல்.

அப்புறம், குளத்துக்கு இலங்கை ஆங்கிலத்தில் 'டேங்க்' என்ற சொல் இருக்கிறது. உன்னிச்சைக் குளம் டேங்க். இங்கிலாந்திலிருந்து வருபவருக்கு டேங்க் என்றால் தண்ணீர்த் தாங்கியோ இராணுவ வண்டியோதான் நினைவுக்கு வரும். தோணி ஓட்டும் தம்பிமார் 'ரெசவோயர்' என்று ஒரு சொல்லைக் கூடவே சேர்த்துச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

ஒரு நீர்ப்பரப்பைப் பார்த்ததும் எஸ்டுவரியா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எந்த ஆற்றின் எஸ்டுவரி? எஸ்டுவரிக்குப் பெரும்பாலும் ஓர் ஆற்றின் பெயர் முன்னால் நிற்கும். தேம்ஸ் எஸ்டுவரி, செவர்ன் எஸ்டுவரி என்பது போல. லகூனுக்கு முன்னால் ஊரின் பெயரோ தீவின் பெயரோ வரும். வெனிஸ் லகூன், நீர்கொழும்பு லகூன், மட்டக்களப்பு லகூன். ஆறு தானே அகன்று கடலில் விழும் இடத்துக்கு ஆற்றின் பெயர் ஒட்டிக்கொள்கிறது. பல ஆறுகள் ஒரு பள்ளத்தில் வந்து கூடும் இடத்தில் எந்த ஒன்றின் பெயரைச் சொல்வது? "முந்தனையாற்று எஸ்டுவரி" என்று யாரும் மட்டக்களப்பு வாவியைச் சொல்லாததற்கும் இதுதான் காரணம்.

இது இலக்கண விதி இல்லை, வழக்கம். ஆனாலும் பத்துக்கு எட்டு இடத்தில் கைகொடுக்கும்.

தேம்ஸ் ஆற்றுமுகம் திறந்தே கிடக்கிறது, நம்முடைய முகத்துவாரம் மட்டும் ஏன் மண்ணால் மூடுகிறது?

இந்தக் கேள்விக்கான விடை எஸ்டுவரி என்ற சொல்லின் வேரிலேயே இருக்கிறது. கடல் ஏற்றத்தையும் பொங்குதலையும் குறிக்கும் 'ஈஸ்டஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. வற்றும் பெருக்கும் வலுவாக உள்ள கடற்கரைகளுக்கே நன்றாகப் பொருந்தும் சொல். செவர்ன் ஆற்றுமுகத்தில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் 14 மீற்றர் அளவுக்குக்கூட ஏறி இறங்கும். தேம்ஸ் ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் இலண்டன் நகரின் நடுவால் போய் டெடிங்டன் வரை தெரியும். ஒவ்வொரு நாளும் இவ்வளவு நீர் உள்ளே போய் வெளியே வந்தால் வாயில் மணல் தங்குமா? அரித்துக்கொண்டு போய்விடும்.

இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. வாயைத் திறந்து வைத்திருக்கும் பலம் அதற்குப் போதாது. ஆனால் அலைகள் ஆண்டு முழுவதும் மணலைக் கரையோரமாக இழுத்துக்கொண்டு வருகின்றன. மழைநீர் உள்ளிருந்து தள்ளும் வரையில் வாய் திறந்திருக்கும். மழை ஓய்ந்து நீர் வற்றிய பிறகு அலை வெல்லும், மணல் மூடும். நம்முடைய கிழக்குக் கரை நெடுகிலும் வாகரை, வாழைச்சேனை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று களப்புகள் வரிசையாக இருப்பதற்கு இந்தச் சிறிய வற்றுப்பெருக்கும் ஒரு பெரிய காரணம்.

முகத்துவாரம் மூடிக்கிடக்கும் மாதங்களிலும் அது எஸ்டுவரிதானா?

நல்ல கேள்வி, அறிஞர்களே இதில் ஒத்துப்போகவில்லை. 1967இல் டொனால்ட் பிரிச்சார்ட் என்ற அமெரிக்கக் கடலியலாளர் கொடுத்த வரையறைதான் அதிகம் எடுத்தாளப்படுவது. ஓரளவு மூடிய கரையோர நீர்ப்பரப்பு, திறந்த கடலோடு தடையற்ற தொடர்பு, நிலத்திலிருந்து வரும் நன்னீரால் கடல்நீரின் உப்பு அளக்கக்கூடிய அளவுக்குக் குறைந்திருத்தல் என்பது அதன் சாரம். அந்த அளவுகோலை வைத்தால், வாய் மூடிய அன்றே எஸ்டுவரி என்ற பெயரும் போய்விடும். மணலால் அடிக்கடி மூடும் ஆற்றுமுகங்கள் நிறைந்த தென்னாப்பிரிக்காவில் அந்த வரையறை சரிவரவில்லை. "நிலையாகவோ இடையிடையேயோ கடலுக்குத் திறப்பது" என்று அங்குள்ளவர்கள் அதை விரித்துக்கொண்டார்கள். நமக்குப் பொருந்துவதும் அந்த விரிந்த வரையறைதான்.

லகூனுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாய் மூடினாலும் திறந்தாலும் அது லகூன்தான்.

வரையறையை விட்டுவிட்டு முகத்துவாரத்துக்கே போய்ப் பார்த்தால் விளங்கும். ஓகஸ்ட் மாதத்தில் மணல்திட்டின் மேலே நடந்தே அக்கரைக்குப் போகலாம். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் பாசி பிடித்து அசையாமல் கிடக்கும் பச்சைத் தண்ணீர். மாரி பிடித்துத் தாழ்ந்த ஊர்களின் வளவுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முகத்துவாரம் வெட்டும் பேச்சு எழும். வெள்ளாமைக்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள், பயிர் நீருக்குள் அழுகும் கவலை அவர்களுக்கு. அவசரப்பட்டு வெட்டினால் உள்ளே இருக்கும் நீர் வடிந்து, உப்புநீர் ஏறி, அடுத்த மழைக்கு முன்பே வாய் திரும்பவும் மூடிவிடலாம். மீன்பிடிக்காரருக்கு அவர்கள் கணக்கு. எப்படியோ முடிவாகி பெக்கோ இயந்திரம் வந்து மணலில் ஒரு வாய்க்கால் கிழிக்கும். முதலில் முழங்கால் அளவு நீர் மெதுவாகப் போகும். பிறகு நீரே இரண்டு பக்கமும் கரையைத் தின்னத் தொடங்கும். மணல் துண்டு துண்டாகச் சரியும், பெக்கோவைப் பின்னுக்கு எடுக்க வேண்டி வரும். கொஞ்ச நேரத்தில் கடலில் மண்நிற நீர் விசிறிபோல விரியும். அதன் விளிம்பில் நுரைக்கோடு ஒன்று, அதற்கு அப்பால் நீலம். அந்த நுரைக்கோட்டில் நடப்பதைத்தான் எஸ்டுவரி என்ற சொல் சொல்கிறது.

சங்கக் கடிதத்தில் முகத்துவாரத்தை 'மௌத்' என்பதா, 'இன்லெட்' என்பதா, 'அவுட்லெட்' என்பதா?

மௌத் பொதுவானது, எங்கும் செல்லும். மீனவர் படகு கடலுக்குப் போய்வருவதைப் பற்றியோ கடல்நீர் உள்ளே ஏறுவதைப் பற்றியோ எழுதினால் இன்லெட். வெள்ளநீர் வடிவதைப் பற்றி எழுதினால் அவுட்லெட். இடம் ஒன்றுதான், கடலில் நின்று பார்க்கிறீர்களா நிலத்தில் நின்று பார்க்கிறீர்களா என்பதே பேதம். மூடிக்கிடக்கும் மணல்திட்டுக்கு 'சாண்ட் பார்'. வெட்டித் திறப்பதற்கு 'பிரீச்' என்ற சொல் பொறியியலாளர் மத்தியில் வழக்கம். ஆனால் அணை உடைவதற்கும் அதே சொல்தான். ஆகவே அவசர நேரக் கடிதத்தில் "ஓப்பனிங் த சாண்ட் பார்" என்று எழுதுவது நல்லது. பிரீச் என்று மொட்டையாக எழுதினால் குளக்கட்டு உடைந்துவிட்டதாக யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

சட்டத்தில் எந்தச் சொல் இருக்கிறது?

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்தை வரையறுக்கும்போது, கடற்கரையில் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும், சராசரித் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் சொல்கிறது. ஆறு, ஓடை, களப்பு அல்லது கடலோடு நிலையாகவோ இடையிடையேயோ தொடர்புள்ள வேறெந்த நீர்ப்பரப்பு என்றால், அதன் வாயின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை வலயம் நீளும். லகூனா எஸ்டுவரியா என்ற ஆராய்ச்சிக்குள் சட்டம் போகவேயில்லை. கடலோடு தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. கெட்டித்தனமான எழுத்து. காணி விவகாரம் என்றால் பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாலைதீவுப் படங்களில் லகூன் நீலமாக இருக்கிறதே, நம்முடையது ஏன் அப்படி இல்லை?

வெள்ளைக்காரப் பயணிகள் தோணியில் ஏறியதும் கேட்பது இதைத்தான். லகூன் என்ற ஒரே சொல்லை இரண்டு வகை நீருக்கு வைத்திருக்கிறார்கள். மாலைதீவில் பவளப்பாறை வளையமாகச் சூழ்ந்திருக்க, உள்ளே உள்ள நீர் லகூன். அங்கே ஆறு கிடையாது, வண்டல் வராது, உள்ளே இருப்பதும் கடல்நீர். அடியில் வெள்ளை மணல் தெரிவதால் அந்த நிறம். நம்முடையது மணல் வரம்புக்குப் பின்னால் உள்ள கரையோர லகூன். ஆறுகள் மண்ணும் இலைச்சருகும் கொண்டுவருகின்றன, கரையில் கண்டல் நிற்கிறது. கலங்கலாகத்தான் இருக்கும், அதில்தான் இறால் வளரும்.

சொல் பிறந்த இடமும் நீலத் தண்ணீர் இல்லை. வெனிஸ் நகரம் நிற்கும் 'லகுனா'விலிருந்துதான் ஆங்கிலத்துக்கு அது வந்தது. ஏறத்தாழ 550 சதுர கிலோமீற்றர் பரப்பு, சேறும் உவர்நிலமும், கடலுக்கு மூன்று வாய்கள். ஆக மட்டக்களப்பு வாவி மாலைதீவைவிட வெனிஸுக்குத்தான் நெருங்கிய உறவு. நம் புளியந்தீவும் வாவிக்குள் உள்ள தீவுநகரம்தானே, 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டத் தொடங்கியதும் அங்கேதான். பயணிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நீலம் பற்றிய பேச்சு நின்றுவிடும்.

வாவித் தண்ணீர் உப்பா, நன்னீரா? அதற்கு ஆங்கிலத்தில் என்ன?

'பிராக்கிஷ்'. தமிழில் உவர்நீர். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். வாவியில் அது இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். முகத்துவாரத்துக்கு அண்மையில் உப்பு அதிகம், வாயிலிருந்து தூரப் போகப்போகக் குறைவு. மாரி வெள்ளத்தில் பல இடங்களில் வாயில் வைக்கலாம் போல நன்னீராகிவிடும். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே மிதக்கும், உப்புநீர் அடியால் ஏறும். மேலே அள்ளிச் சுவைத்துவிட்டு உப்பில்லை என்று முடிவெடுக்க முடியாது.

இந்த மாற்றத்தை நம்பித்தான் இறால் வாழ்கிறது. பல வகை இறால்கள் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் வாயால் உள்ளே வந்து வளரும், பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். மட்டக்களப்புச் சந்தையில் பேரம் பேசும் இறாலுக்குப் பின்னால் லகூன் என்ற சொல்லும் உண்டு, எஸ்டுவரி என்ற சொல்லும் உண்டு.

தமிழில் எதற்கு எது?

லகூனுக்குக் களப்பு. ஊரின் பெயரிலேயே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கும் தேட வேண்டாம். வடக்கில் கடல்நீரேரி என்பார்கள், தமிழ்நாட்டில் காயல், உப்பங்கழி என்று பார்க்கலாம். எஸ்டுவரிக்கு இலங்கைப் பாடநூல் வழக்கு பொங்குமுகம். கழிமுகம் என்ற சொல்லில் மட்டும் கவனம். சில நூல்கள் அதை எஸ்டுவரிக்கும், வேறு சில டெல்டாவுக்கும் எழுதுகின்றன. ஆறு மண்ணைக் குவித்துக் கடலுக்குள் நிலத்தை நீட்டும் இடம் டெல்டா, அது வேறு சமாசாரம்.

அம்பாறைப் பக்கம் அறுகம்குடாவும் லகூனா?

குடா என்றால் 'பே'. கடல் நிலத்துக்குள் வளைந்து நிற்கும் திறந்த நீர். அலைச்சறுக்கு நடப்பது அங்கே. அதற்குப் பக்கத்தில், கண்டல் பார்க்கத் தோணியில் அழைத்துப்போகும் பொத்துவில் களப்பு லகூன். குமணையில் உள்ள வில்லு இரண்டிலும் சேராது. கும்புக்கன் ஆற்றோடு தொடர்புடைய சதுப்புநீர் அது, ஆங்கிலத்திலும் 'வில்லு' என்றே எழுதுகிறார்கள்.

உச்சரிப்பு?

லகூன் என்பதில் அழுத்தம் 'கூன்' மேல். எஸ்டுவரியை 'எஸ்சுவெரி' என்பதுபோல, அழுத்தம் முதலில். எஸ்டுவரி உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் 'ஆன்', லகூனுக்கு 'அ'. எஸ்டுவரைன் லகூன் என்று சேர்த்து எழுதும்போதும் 'ஆன்'தான்.

பரீட்சையில் இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்யச் சொன்னால்?

கேள்வியில் மணல்திட்டு, வரம்பு, கரைக்குச் சமாந்தரம், ஆழம் குறைவு என்று வந்தால் லகூன். ஆற்றுமுகம், வற்றுப்பெருக்கு, நன்னீரும் உப்புநீரும் கலத்தல் என்று வந்தால் எஸ்டுவரி. மட்டக்களப்பு என்று பெயரையே சொல்லிக் கேட்டால் லகூன் என்று எழுதிவிட்டு, விளக்கம் எழுத இடம் தந்திருந்தால் ஆறுகளின் பெயரையும் முகத்துவாரத்தையும் ஒரு வரியில் சேர்த்து விடுங்கள்.